கடைசி சீட் ஏன் தூக்கிப் போட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பேருந்தில் போய் வந்த நாட்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறோம். கடைசி சீட்டுக்கு நடந்த போட்டி, டிரைவர் பக்கத்து பானட் மேல் உட்கார்ந்து வந்த சுகம், ஜன்னலோரத்துக்குப் போட்ட சண்டை, எதற்கெடுத்தாலும் கத்திய டிரைவர். எந்தக் குறிப்பை எடுத்தாலும் இந்த நாலும் இருக்கின்றன. எழுதுகிறவர்களில் பலர் இன்று தங்கள் பிள்ளைகளையே அதே மாதிரி வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர்கள். நினைவு கைமாறுகிறது, அது ஏன் அப்படி இருந்தது என்பது மட்டும் கைமாறுவதில்லை. வண்டியை ஓட்டுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள், பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்கள் என்ற முறையில் அந்தப் பாதியை நாங்கள் எழுதுகிறோம்.

முதலில் கடைசி சீட். வேகத்தடையில் அங்கே இருந்தவர்கள் மட்டும் பறந்ததற்கு டிரைவரின் குறும்பு காரணமல்ல. பேருந்தின் உடல் பின் சக்கரத்தோடு முடிந்துவிடுவதில்லை, அதற்கும் பின்னால் நீண்டிருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 5 மீட்டர், கடைசி சீட் பின் அச்சிலிருந்து இன்னும் 2.5 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம் தடையில் ஏறி 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், ஸ்பிரிங் விழுங்கிக்கொள்வதை விட்டுவிட்டுப் பார்த்தால், கடைசி சீட் 15 சென்டிமீட்டர் உயரும். அந்த நேரத்தில் முன் சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. ஏறும்போதாவது சீட் நம்மைத் தூக்குகிறது. தடையிலிருந்து சக்கரம் சட்டென்று இறங்கும்போது சீட் நம்மைவிட வேகமாகக் கீழே போய்விடும். பிள்ளை அந்தரத்தில் நிற்கும், அது விழுவதற்குள் சீட் திரும்ப மேலே வரும். நாக்கைக் கடித்துக்கொள்வதும், முன் கம்பியில் பல் இடிப்பதும், முதுகெலும்பில் அடி வாங்குவதும் அந்தக் கணத்தில்தான்.

மாலையில் ஆட்டம் அதிகமாக இருந்ததே, அதுவும் நிஜம்தான். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகள் முழுப் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு விறைப்பாகச் செய்யப்பட்டவை. பிள்ளைகள் பாதிப்பேர் இறங்கியதும் அதே ஸ்பிரிங் கொஞ்ச எடைக்கு அசைந்து கொடுக்காது. சாலையின் அடி அப்படியே மேலே வந்துவிடும். வீடு தொலைவில் இருக்கிற பிள்ளைகள்தான் கடைசிவரை இருப்பார்கள். வண்டி காலியாகக் காலியாக அவர்களை முன்வரிசைகளுக்கு வரச் சொல்வது உதவியாளரின் வேலை. பல வண்டிகளில் இது நடப்பதில்லை.

கடைசி வரிசையில் நடு இடம் தனியாகச் சொல்ல வேண்டியது. அதற்கு முன்னால் வேறு சீட் கிடையாது, நேராக நடைபாதைதான். டிரைவர் அழுத்திப் பிரேக் போட்டால் அங்கே இருக்கும் பிள்ளை பிடிக்க ஏதுமில்லாமல் நடைபாதை வழியாக முன்னால் போய் விழும். அந்த இடத்தைக் காலியாக விடலாம். பெல்ட் இருந்தால் வயதில் மூத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைக்குக் கூடவே கூடாது.

பானட் விஷயமும் இதுவேதான், இன்னும் மோசம். முன்னால் இன்ஜின் உள்ள வண்டியில் டிரைவர் பக்கத்தில் இருக்கும் அந்த மேடு இன்ஜினின் மூடி. அது சூடாக இருக்கும். பிடிக்க ஒன்றுமில்லை, எதிரே கண்ணாடி. கியர் கம்பிக்கும் பிள்ளையின் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். அதில் உட்காரும் பிள்ளை டிரைவரின் பார்வையையும் மறைக்கும், முக்கியமாகக் கதவுப் பக்கத்துக் கண்ணாடியை. ஏறி இறங்கும் பிள்ளைகள் தெரிவது அந்தக் கண்ணாடியில்தான். அங்கே யாரையும் உட்கார வைக்காத டிரைவரைக் கடுகடுப்பானவர் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் அவரை நல்ல டிரைவர் என்போம்.

காலையில் வண்டி கிளம்பாமல் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், பிறகு 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும் என்று எழுதியவர்கள் உண்டு. ஏர் பிரேக் உள்ள பெரிய வண்டிகளுக்கு இது பொருந்தும். பிரேக் வேலை செய்யக் காற்று வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காற்று கசிந்து குறைந்திருக்கும். இன்ஜினை ஓட்டினால்தான் காற்றை அழுத்தும் கம்ப்ரசர், காற்று டேங்குகளை நிரப்பும். அழுத்தம் ஏறத்தாழ 8 பார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வந்ததும் கம்ப்ரசர் டேங்குக்கு அனுப்புவது நின்று, மிச்சக் காற்று வெளியே போகும். நீங்கள் கேட்ட சத்தங்களில் ஒன்று அது. அழுத்தம் பாதி அளவுக்கு இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும். அந்த பஸ்ஸர் அடிக்கும்போதே வண்டியை எடுக்கிற ஆளிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். காற்றோடு சேர்ந்து ஈரமும் டேங்கில் தங்கும். ஈரத்தை வடிக்கும் டிரையர் இல்லாத பழைய வண்டியில், டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை நாள்தோறும் வடிக்க வேண்டும். வடிக்காவிட்டால் வால்வுகள் துருப்பிடித்துச் சிக்கும், காற்றுக்கான இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு 'புஸ்' பார்க்கிங் பிரேக் போடும்போது வருவது. பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைப்பது ஒரு கனத்த ஸ்பிரிங். காற்று அந்த ஸ்பிரிங்கை அழுத்தி விலக்கி வைத்திருக்கும். லீவரை இழுத்ததும் காற்று வெளியேறி ஸ்பிரிங் சக்கரத்தைப் பூட்டிவிடும். பிள்ளைகளுக்கு இதை ஒரு அடையாளமாகவே சொல்லிக் கொடுக்கலாம்: அந்தச் சத்தம் கேட்கும்வரை சீட்டிலிருந்து எழுந்திருக்காதே. சிறிய வேன்களில் இந்தச் சத்தம் வராது, அங்கே உதவியாளர் குரல் கொடுக்க வேண்டும்.

'நேரா உட்காரு, காலை உள்ள இழு' என்ற அதட்டலுக்கு வருவோம். பள்ளிப் பேருந்துச் சீட்டின் முதுகு உயரமாகவும், முன்னும் பின்னும் மெத்தையாகவும், வரிசைகள் நெருக்கமாகவும் இருப்பது இடத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. மோதினால் பிள்ளை தூரம் போகாமல் முன் சீட்டின் மெத்தையிலேயே பட்டு நிற்க வேண்டும், அந்த அடியில் சீட்டின் முதுகு கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 1977-இல் நடைமுறைக்கு வந்த விதி பெரிய பள்ளிப் பேருந்துகளுக்கு இந்த அமைப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால் பிள்ளை சீட்டுக்குள் இருந்தால்தான் இது பலிக்கும். மண்டியிட்டுப் பின்னால் திரும்பிப் பேசும் பிள்ளைக்கும், நடைபாதையில் கால் நீட்டும் பிள்ளைக்கும், பக்கவாட்டில் மோதும் வண்டிக்கும், உருளும் வண்டிக்கும் இது போதாது. அதனால்தான் பெல்ட் இருக்கும் வண்டியில் பெல்ட் போடச் சொல்கிறோம். பெல்ட் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. ஒரு பெல்ட்டில் இரண்டு பிள்ளைகளைக் கட்டுவது, பெல்ட்டே போடாததைவிட நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு உடல்களும் ஒன்றையொன்று நசுக்கும், அவ்வளவுதான்.

பையை முதுகில் மாட்டியபடி உட்காரும் பிள்ளை சீட்டின் நுனியில்தான் இருக்கிறது. சீட்டின் முதுகில் சாய்வது பைதான், பிள்ளை அல்ல. பையைக் கழற்றி மடியிலோ கால்களுக்கு இடையிலோ வைக்க வேண்டும். நடைபாதையில் வைத்த பை, புகை வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்போது முதல் ஆளைத் தடுக்கும், பின்னால் வருகிறவர்கள் அவர் மேல் விழுவார்கள்.

வாந்தி. எல்லா நினைவுக் குறிப்பிலும் ஒரு பிள்ளை வாந்தி எடுத்திருக்கிறது, யாரும் அதற்கு மேல் எழுதவில்லை. காதின் உட்பகுதி உடல் அசைகிறது என்கிறது, புத்தகத்தைப் பார்க்கும் கண் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. 2 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் இது அதிகம், பிறகு பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளையை வண்டியின் முன்பாதியில், சாலை எதிரே தெரியும் இடத்தில், முன்னோக்கி உட்கார வைக்க வேண்டும். பின் சக்கரத்துக்குப் பின்னால் கூடாது, காரணம் மேலே சொன்ன ஆட்டம். வண்டியில் வீட்டுப்பாடம் எழுதக் கூடாது, போனையும் பார்க்கக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, கிளம்புகிற நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. வாந்தி எடுக்க உறை ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பையின் அடியில் இருந்து பயனில்லை.

வாந்தி எடுத்துவிட்டால் உடனே தண்ணீரை ஊற்றாதீர்கள். தரை விரிப்புக்கு அடியில் பிளைவுட் பலகை இருக்கும். தண்ணீர் எல்லாவற்றையும் இடுக்கு வழியாக அதற்குள் கொண்டுபோய்விடும், நாற்றம் மாதக்கணக்கில் போகாது. காய்ந்த மணலையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்சவிட்டு, அள்ளி எடுத்து, பிறகு கிருமிநாசினித் துணியால் துடைக்க வேண்டும்.

டீசல் வாடையும் குமட்டலைக் கூட்டும். ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவு, அங்கே புகை சுழன்றுகொண்டே இருக்கும். பின் ஜன்னல்களை மட்டும் திறந்து வைத்தால் புகை உள்ளே வரும். முன்னும் பின்னுமாகப் பல ஜன்னல்களைக் கொஞ்சம் கொஞ்சம் திறப்பது மேல். பள்ளி வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகள் இன்ஜினை அணைக்காவிட்டால், முன் வண்டியின் புகை பின் வண்டியின் கதவு வழியாக ஏறும். அணைத்துவிட்டுக் காத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வண்டிக்குள். எங்களுக்கு வண்டிக்கு உள்ளே இருப்பதைவிட வெளியில்தான் பயம் அதிகம். பள்ளிப் பேருந்தால் பிள்ளைகள் உயிரிழக்கும் விபத்துகளில் பல, வண்டியோடு வண்டி மோதி நடப்பவை அல்ல. ஏறும்போதும் இறங்கும்போதும், பெரும்பாலும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு, சில நேரம் அவர்கள் வந்த அதே வண்டியால் நடப்பவை. ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 110 சென்டிமீட்டர். பல பேருந்துகளில் முன் கண்ணாடியின் கீழ் விளிம்பே அந்த உயரத்துக்கு மேல்தான் இருக்கும். வண்டியின் முகத்தை ஒட்டி நடக்கும் பிள்ளை டிரைவருக்கு இல்லாத பிள்ளை. முன்மூலையில் பொருத்தும் குவிகண்ணாடி இதற்காகத்தான். அதில் முன் பம்பரும் அதற்கு முன்னால் உள்ள தரையும் தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். அழகுக்காகப் பொருத்தி வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகளை நிறையப் பார்க்கிறோம்.

சோதிப்பது எளிது. டிரைவரை அவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியை ஒருவர் பிடித்துக்கொண்டு, இன்ஜினை அணைத்த வண்டியைச் சுற்றி நடந்து வரட்டும். குச்சி நேராகவும் தெரியாமல், எந்தக் கண்ணாடியிலும் தெரியாமல் மறையும் இடங்களையெல்லாம் தரையில் சுண்ணாம்பால் குறியுங்கள். பிறகு பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்து அந்தக் கோட்டைக் காட்டினால் போதும், மேடைப் பேச்சு வேண்டியதில்லை.

பல நாடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் அளவு, வண்டியைச் சுற்றி 3 மீட்டர். இறங்கிய பிள்ளை கதவுக்கு நேராக அந்தத் தூரம் விலகிப் போய்விட வேண்டும். சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், சாலை ஓரமாகவே வண்டிக்கு முன்னால் 3 மீட்டர், அதாவது பெரிதாக எட்டி வைத்து ஐந்து காலடி நடந்து, டிரைவரின் முகம் தெரிகிற இடத்தில் நின்று, அவர் கை காட்டிய பிறகு கடக்க வேண்டும். வண்டியின் மறுவிளிம்பு வந்ததும் மீண்டும் நின்று இருபுறமும் பார்க்க வேண்டும். முந்திக்கொண்டு வரும் இருசக்கர வண்டி டிரைவரின் சைகையைப் பார்த்திருக்காது. பின்பக்கமாக எப்போதும் கடக்கக் கூடாது. டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் நீயும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிக் கொடுங்கள், முதல் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

கையிலிருந்து ஏதாவது விழுந்து வண்டிக்கு அடியில் உருண்டால் அதுதான் மிக ஆபத்தான நேரம். பிள்ளை குனிகிறது. இறங்கி நடந்ததைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் அது போய்விட்டது என்று நினைத்து வண்டியை எடுக்கிறார். குனியக் கூடாது, திரும்பி வரக் கூடாது, தூர நின்று உதவியாளரைக் கூப்பிட வேண்டும். பொருள் நசுங்கினாலும் பிள்ளையைத் திட்டமாட்டோம் என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. டிபன் பாக்ஸுக்காகக் குனிகிற பிள்ளை, வீட்டில் கிடைக்கப் போகும் அடிக்குப் பயந்துதான் குனிகிறது.

கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொள்வது அடுத்தது. பை வார், இடுப்புக் கயிறு, அடையாள அட்டை தொங்கும் நாடா, துப்பட்டா. கம்பி சுவரோடு சேரும் இடத்தில் குறுகலான இடுக்கு இருந்தால் இவை நழுவி இறங்கிச் சிக்கும். பிள்ளை இறங்கிவிடும், வார் இறங்காது, கதவு மூடும். இதற்கும் ஒரு சோதனை உண்டு: ஒரு நீளக் கயிற்றின் நுனியில் சிறிய நட்டு ஒன்றைக் கட்டி, கம்பியின் மேல் முனையில் போட்டு, பிள்ளை இறங்குகிற மாதிரி கீழ்நோக்கி இழுங்கள். எங்கே நட்டு சிக்குகிறதோ அங்கே பையும் சிக்கும். அந்த இடுக்கை அடைக்க வேண்டும் அல்லது கம்பியை மாற்ற வேண்டும். கதவை மூடிய பிறகும் டிரைவர் கதவுப் பக்கத்துக் கண்ணாடியை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கியர் போட வேண்டும்.

திருப்பத்தில் வண்டியின் வால் எதிர்ப்பக்கம் வீசும். டிரைவர் சாலைக்குள் ஒடித்து எடுக்கும்போது பின் மூலை ஓரத்தில் நிற்பவர்களை நோக்கி வரும். அதே திருப்பத்தின் உட்பக்கத்தில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாது, மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். நிறுத்தத்தில் காத்திருக்கும்போது சாலை விளிம்பிலிருந்து 2 மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்வது இதற்காக.

தெருமுனையில் ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப வேண்டிய வழித்தடங்களில் ஒரே ஒரு விதி: காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிறகு ரிவர்ஸ், மாலையில் ரிவர்ஸ் எடுத்து முடித்துவிட்டு இறக்கம். வண்டி பின்னால் நகரும் நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே இருக்க வேண்டும். ரிவர்ஸே தேவைப்படாதபடி வழித்தடத்தை மாற்ற முடிந்தால் அது இன்னும் நல்லது.

மஞ்சள் நிறம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 1939 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில், ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் கூட்டிய மாநாட்டில் முடிவான நிறம் அது. அதிகாலை மங்கலிலும் கண்ணில் படும், அதன் மேல் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும். வண்டி அழுக்காக இருந்தால் இரண்டும் போய்விடும்.

ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, எல்லோரையும் வாயை மூடச் சொன்ன டிரைவரைப் பற்றியும் வந்திருந்தது. 1938 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பனி பெய்த காலை ஒன்றில் பள்ளிப் பேருந்து ஒன்று ரயிலில் அடிபட்டது. அதற்குப் பின் அந்நாட்டில் பரவிய பழக்கம் இது: தண்டவாளத்துக்கு 5 முதல் 15 மீட்டருக்குள் நிறுத்தி, கதவையும் டிரைவர் பக்க ஜன்னலையும் திறந்து, பாட்டையும் மின்விசிறியையும் அணைத்து, காதால் கேட்பது. நாற்பது பிள்ளைகள் கூச்சலிடும் வண்டியில் ரயிலின் ஹாரன் கேட்காது. கடக்கத் தொடங்கியபின் தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றக் கூடாது, அங்கே இன்ஜின் நின்றுவிட்டால் வேறு வழியில்லை. மறுபுறம் முழு வண்டிக்கும் இடம் இருப்பதைப் பார்த்த பிறகே கடக்க வேண்டும்.

'நான்தான் முதலில் ஏறுவேன், கடைசியில் இறங்குவேன்' என்று அலுத்துக்கொண்ட பிள்ளைகள் எல்லாத் தலைமுறையிலும் இருக்கிறார்கள். வழித்தடம் ஒரு சுற்றாக அமைந்தால் தீர்வு உண்டு. மாலையிலும் காலையில் போன திசையிலேயே சுற்றினால், முதலில் ஏறிய பிள்ளை முதலில் இறங்கும். காலையும் மாலையும் சேர்த்துப் பார்த்தால் பயண நேரம் எல்லோருக்கும் ஏறத்தாழச் சமமாகும். ஒரே சாலையில் போய் அதே சாலையில் திரும்பும் தடத்தில் இது நடக்காது.

தூங்கிப் போன பிள்ளையைப் பற்றி நகைச்சுவையாக எழுதியிருந்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டில் படுத்துத் தூங்கும் பிள்ளை உட்புறக் கண்ணாடியில் தெரியாது, சீட்டின் முதுகு மறைத்துவிடும். வெயிலில் பூட்டிய வண்டியின் உள்ளே 10 நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் ஏறலாம், பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். அதனால் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஒருவர் கடைசி வரிசை வரை நடந்து போய், ஒவ்வொரு சீட்டின் மேலும் அடியிலும் பார்த்துத் திரும்ப வேண்டும். பட்டியலில் டிக் அடிப்பது இதற்கு ஈடாகாது, இறங்காத பிள்ளைக்கும் டிக் விழுந்துவிடும். சில நாடுகளில் வண்டியை அணைத்ததும் அலாரம் ஒலிக்கும், அதை நிறுத்தும் பொத்தான் வண்டியின் கடைசியில் இருக்கும். அது இல்லாத வண்டியில், 'வண்டி காலி' என்று எழுதிய அட்டையைப் பின் கண்ணாடியில் மாட்டிவிட்டு வருவதையே பழக்கமாக்கலாம். செலவில்லை, நடந்தால்தான் மாட்ட முடியும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நினைவுக் குறிப்புகளோடு வரும் ஓவியங்களில் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே தலையையும் கையையும் நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள், படிக்கட்டில் ஒருவன் தொங்குகிறான். ஓவியரிடம் சொல்லி, அடுத்த படத்தில் கைகளை உள்ளே வைத்து, ஜன்னலில் குறுக்குக் கம்பியும், பின்னால் அவசரக் கதவும் வரையச் சொல்ல முடியுமா? அவசரக் கதவை மறைத்தபடி சீட்டோ ஸ்டெப்னி டயரோ வரைய வேண்டாம். உண்மையான வண்டிகளிலேயே அதைச் செய்கிறார்கள்.

இப்படிக்கு,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள், உதவியாளர்கள், பணிமனைப் பணியாளர்கள் சிலர்